கூரையில் ஒரு மின் நிலையம் – லாபமா, நட்டமா?



எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படிக்கிறோம் என்று தெரிந்துவிட்டால் போதும், சொந்தக்காரர்கள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள். முன்பெல்லாம் "தம்பி, இந்த மிக்ஸி சுத்தமாட்டேங்குது, கொஞ்சம் பாரேன்" என்பார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. "சோலார் போட்டா கரண்ட் பில்லே வராதாமே? கவர்ன்மெண்ட் பாதிப் பணம் குடுக்குதாமே? போட்டுடலாமா?" கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இதைக் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு "போடுங்க" என்று சொல்வதும் தப்பு, "வேண்டாம்" என்று சொல்வதும் தப்பு. சரியான பதில், "உங்க கரண்ட் பில்லைக் கொண்டு வாங்க" என்பதுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை. பெரிய கணிதம் எதுவும் இதில் இல்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் போதும். ஆனால் அந்த நாலையும் போடாமல் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர்.

மாடியில் என்ன நடக்கிறது?

முதலில் தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பேனலில் வெயில் பட்டால் டி.சி. மின்சாரம் வருகிறது. இன்வெர்ட்டர் அதை ஏ.சி.யாக மாற்றி வீட்டு லைனோடு சேர்க்கிறது. பகலில் வீட்டுக்குப் போக மிச்சம் இருந்தால் அது மின்வாரியத்தின் லைனுக்குப் போகிறது. இரவில் நாம் லைனிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். போனதையும் வந்ததையும் இரண்டு பக்கமும் அளக்கும் மீட்டர் குறித்துக்கொள்கிறது. வந்ததில் போனதைக் கழித்து, மீதிக்கு மட்டும் பில். இதற்குத்தான் நெட் மீட்டரிங் என்று பெயர். பேங்கில் பணம் போட்டு எடுப்பது மாதிரி, யூனிட்டைப் போட்டு எடுக்கிறோம்.

தமிழ்நாட்டு வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதப் பில் கணக்குக்கு 60 நாள், ஆக 240 யூனிட். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும், மாசி, பங்குனியில் கூடும். நிழல் விழாத மாடி, கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும்.

ஒரு விஷயத்தைப் பலரும் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. செல்லின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 முதல் 0.4 சதவீதம் வரை பவர் குறையும். சித்திரை மதியத்தில் செல் 65 டிகிரிக்குப் போனால் 14 முதல் 16 சதவீதம் வரை போய்விடும். அதனால்தான் பேனலைத் தரையோடு தரையாக ஒட்டாமல், காற்றுப் போகும்படி ஸ்டாண்டு அடித்து, தெற்கு பார்த்துச் சற்றுச் சாய்த்து வைக்கிறார்கள்.

அரசு என்ன தருகிறது?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு 'பிரதம மந்திரி சூர்ய கர்' திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். 2026-27 நிதியாண்டு முடிவதற்குள் ஒரு கோடி வீடுகள் என்பது இலக்கு. மானியக் கணக்கு இப்படி:

1 கிலோவாட் – ரூ.30,000
2 கிலோவாட் – ரூ.60,000
3 கிலோவாட் – ரூ.78,000
அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் – அதே ரூ.78,000

முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, அதோடு சரி. முதல் இரண்டுக்கு அரசு அடிப்படை விலையாக எடுத்துக்கொண்டது கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய், அதில் 60 சதவீதம். மூன்றாவதுக்கு 45,000, அதில் 40 சதவீதம். ஆனால் கடைக்காரர் சொல்லும் விலை பெரும்பாலும் இதைவிட அதிகம். ஆகவே "60 பர்சென்ட் மானியம்" என்ற பேச்சை அப்படியே நம்பக்கூடாது. நம் கொட்டேஷன் தொகையில் அது எத்தனை சதவீதம் என்று நாமே வகுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னும் மூன்று விஷயம் நினைவில் இருக்கட்டும். ஒன்று, செல்லும் பேனலும் இந்தியாவிலேயே தயாரித்ததாக இருந்தால்தான் மானியம். இது இறக்குமதி பேனலைவிட விலை கூட. இரண்டு, திட்டத்தில் பதிவு செய்த நிறுவனம்தான் வேலை செய்ய வேண்டும். மூன்று, மானியம் முன்பணமாக வராது. வேலை முடிந்து, மீட்டர் மாட்டி, ஆய்வு முடிந்த பிறகுதான் வீட்டுக்காரரின் பேங்க் கணக்குக்கு வரும். அதுவரை முழுப்பணமும் நம் பொறுப்பு.

இதைத் தவிர, 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் போட்ட கொட்டேஷனை யாராவது நீட்டினால், வரியைத் திருத்திப் புதுசாகக் கேட்க வேண்டும்.

மானியம் என்பது நமக்குப் புதிதும் அல்ல. 2012-ல் வந்த தமிழ்நாடு சூரிய மின்சக்திக் கொள்கையில், 2014 மார்ச் 31-க்குள் போடும் வீடுகளுக்கு உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். முதல் 2 ஆண்டு 2 ரூபாய், அடுத்த 2 ஆண்டு 1 ரூபாய், அடுத்த 2 ஆண்டு 50 பைசா. அது, ஓடினால்தான் காசு. இப்போதுள்ளது, மாட்டினால் காசு. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. மாட்டியதும் காசு வந்துவிட்டால், பிறகு பேனலைத் துடைக்கிற அக்கறை குறைந்துவிடும். நெட் மீட்டர் பில்தான் அந்த அக்கறையைத் தக்கவைக்கிறது.

நம் கட்டணம் ஒரு படிக்கட்டு

இதுதான் விஷயத்தின் உயிர்நாடி. சோலார் நமக்குச் சம்பாதித்துத் தருவதில்லை, கட்ட வேண்டிய பில்லைக் குறைக்கிறது. அப்படியானால் குறைகிற யூனிட் என்ன விலை யூனிட் என்பதே கேள்வி.

2024 ஜூலையில் அமலான வீட்டுக் கட்டணத்தை வைத்துப் பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் என்றால், முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே ரூ.4.70. பிறகு 500 வரை ரூ.6.30, 600 வரை ரூ.8.40, 800 வரை ரூ.9.45, 1000 வரை ரூ.10.50, அதற்கு மேல் ரூ.11.55.

500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 510 ஓடினால் 2,124 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்! நம் வீடுகளில் "இந்தத் தடவை ஏன் இவ்வளவு?" என்று எழும் சண்டைகளில் பாதி இந்தப் படியில் இடறி விழுந்ததுதான்.

சோலார் இந்தப் படிக்கட்டை மேலிருந்து கீழாக வெட்டுகிறது. முதலில் குறைவது விலை அதிகமான யூனிட். கடைசியில் குறைவது மலிவான யூனிட். ஆகவே முதல் கிலோவாட் தரும் லாபம் மூன்றாவது கிலோவாட் தராது. இதை மறக்காமல் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

நான்கு வீடு, நான்கு கணக்கு

கணக்குக்காக விலையை இப்படி வைத்துக்கொள்கிறேன். 1 கிலோவாட் 75,000, 2 கிலோவாட் 1,35,000, 3 கிலோவாட் 1,95,000. மானியம் போகக் கைக்காசு முறையே 45,000, 75,000, 1,17,000. உங்கள் ஊர் விலை வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், வழி ஒன்றுதான். ஆண்டு முழுவதும் ஒரே அளவு ஓடுவதாகவும், மீதி யூனிட்டுக்கே பில் என்றும் எடுத்துக்கொள்கிறேன். நெட்வொர்க் கட்டணம் போல ஏதாவது சேருமா என்பதை உங்கள் பிரிவு அலுவலகத்தில் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வீடு: 200 யூனிட். இரண்டு ஃபேன், நாலு லைட், டி.வி., ஒரு சின்ன ஃபிரிட்ஜ். பில் 235 ரூபாய், வருஷத்துக்கு 1,410. 1 கிலோவாட் போட்டால் பில் பூஜ்யம். ஆனால் 45,000-ஐ 1,410-ஆல் வகுத்தால் 32 ஆண்டு! பேனல் கம்பெனி கொடுக்கும் உத்தரவாதமே 25 ஆண்டுதான்.

இரண்டாவது வீடு: 400 யூனிட். பில் 1,175. 1 கிலோவாட் போட்டால் மீதி 160 யூனிட், பில் 141. மிச்சம் 1,034, வருஷத்துக்கு 6,204. போட்ட காசு வர ஏழேகால் ஆண்டு.

மூன்றாவது வீடு: 600 யூனிட். ஒரு ஏ.சி., ஃபிரிட்ஜ், மோட்டார். பில் 2,880. 2 கிலோவாட் போட்டால் மீதி 120 யூனிட், பில் 47. மிச்சம் 2,833, வருஷத்துக்குச் சுமார் 17,000. போட்ட காசு வர நாலரை ஆண்டு.

நான்காவது வீடு: 1000 யூனிட். பில் 6,870. 3 கிலோவாட் போட்டால் மீதி 280 யூனிட், பில் 611. வருஷத்துக்கு மிச்சம் 37,554. மூன்று ஆண்டு கொஞ்சத்தில் காசு கைக்கு வந்துவிடும்.

மூன்றாவது வீடு என் தாய்மாமா வீடு. அவரிடம் வந்த ஏஜெண்ட் 3 கிலோவாட்டுக்குத்தான் கொட்டேஷன் கொடுத்திருந்தார். "ரெண்டு போதும் மாமா" என்றேன். "ஏன் மாப்ளே, மூணு போட்டா மானியம் கூட வருதே?" என்றார் மாமா. "மானியம் 18,000 கூட வருது மாமா. கையிலேர்ந்து 42,000 கூடப் போகுது. அந்த மூணாவது கிலோவாட் குறைக்கிறது மிச்சமிருக்கிற 47 ரூபாய் பில்லைத்தான்." வருஷத்துக்கு 282 ரூபாய். 42,000-ஐ 282-ஆல் வகுத்துக் காட்டினேன். 149 ஆண்டு! மாமா கால்குலேட்டரைத் தானே ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "அடப்பாவிகளா" என்றார். மிச்ச யூனிட் அடுத்த பில்லுக்கு வரவாகும் என்பது உண்மைதான். ஆனால் அதைச் செலவழிக்க வீட்டில் தேவை வேண்டாமா? இன்னொரு ஏ.சி. வாங்கும் எண்ணம் இருந்தால் கணக்கு மாறும். இல்லையென்றால் பெரிதாகப் போடுவது ஏஜெண்டுக்குத்தான் லாபம்.

கடன் வாங்கலாமா?

இந்தத் திட்டத்துக்காக பொதுத்துறை வங்கிகள் அடமானம் இல்லாமல் கடன் தருகின்றன. 3 கிலோவாட் வரை 2 லட்சத்துக்குள். திட்டம் தொடங்கியபோது வட்டி ஏறத்தாழ 7 சதவீதம். ரெப்போ வட்டி ஏறி இறங்கினால் இதுவும் ஏறி இறங்கும்.

மாமா கணக்கையே எடுப்போம். மானியம் வந்தபிறகு நிற்கும் கடன் 75,000, வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 5 ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 1,485, இரண்டு மாதத்துக்கு 2,970. பில்லில் மிச்சமாவது 2,833. அதாவது ஐந்து ஆண்டுக்கு 137 ரூபாய் கையைக் கடிக்கும், அதன்பிறகு எல்லாம் லாபம். 7 ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 1,132, இரண்டு மாதத்துக்கு 2,264. முதல் நாளிலிருந்தே கையில் கொஞ்சம் நிற்கும். ஆனால் மொத்த வட்டி 14,000-லிருந்து 20,000 ஆகிவிடும். எது வசதி என்பது அவரவர் சம்பளத்தைப் பொறுத்தது.

இதே கடனை முதல் வீட்டுக்காரர் வாங்கினால்? இரண்டு மாதத்துக்கு 235 ரூபாய் மிச்சம் பிடிக்க, அதைப் போலப் பல மடங்கு தவணை கட்டிக்கொண்டிருப்பார். "கரண்ட் பில் கட்டுற காசிலேயே இ.எம்.ஐ. கட்டிடலாம்" என்ற விளம்பரம் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று இப்போது தெரிகிறதல்லவா?

கொட்டேஷனில் எழுதாதவை

கரண்ட் போனால் இதுவும் போகும்! பலருக்கு இது தெரியாது. லைனில் சப்ளை இல்லையென்றால் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிட வேண்டும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் உயிர் அதில் இருக்கிறது. பேட்டரி வைத்தால் கரண்ட் போனாலும் ஓடும், ஆனால் அது தனிச் செலவு, சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும்.

பேனல் 25 ஆண்டு உழைத்தாலும் இன்வெர்ட்டர் அவ்வளவு உழைக்காது. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் ஒரு இன்வெர்ட்டர் செலவை எதிர்பார்த்து, மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பது நல்லது. பேனலின் உற்பத்தியும் ஆண்டுக்கு அரை சதவீதத்துக்கு மேல் குறைந்துகொண்டே வரும்.

நிழல் பொல்லாதது. பேனல்களைச் சீரியஸில் இணைப்பதால், தண்ணீர்த் தொட்டியோ தென்னை மட்டையோ ஒரு பேனலில் நிழல் விழுந்தால் அந்த வரிசையே பாதிக்கப்படும். ஆகவே பகல் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் மாடிக்கு ஏறிப் பார்க்காமல் கொட்டேஷன் போடுகிறவரை நம்பாதீர்கள். எர்த்திங், லைட்னிங் அரெஸ்டர், டி.சி. பக்கம் தனி ஃப்யூஸ், துருப்பிடிக்காத ஸ்டாண்டு, ஐந்து ஆண்டுப் பராமரிப்பு, இவை எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தை வயிற்றுக்கு ஆகாது.

நல்ல சேதியும் ஒன்று. 2024-ல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரை தனியாகச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. "ஆபீஸ்ல பெர்மிஷன் வாங்கித் தர இவ்வளவு ஆகும்" என்று யாராவது தனியாகக் கேட்டால், எந்த ரசீதுக்கு என்று கேளுங்கள்.

யாருக்குப் போகிறது மானியம்?

இப்போது நான்கு வீட்டையும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். மானியத்தால் அதிகம் பயன்பெறுவது 1000 யூனிட் வீடு. 200 யூனிட் வீட்டுக்குப் பயன் கிட்டத்தட்ட இல்லை. வாடகை வீட்டில் இருப்பவருக்கு மாடியே இல்லை, ஓட்டு வீட்டுக்காரருக்கு ஸ்டாண்டு நிற்க இடமில்லை. நம் விடுதி நண்பர்களில் எத்தனை பேர் வீடு முதல் வரிசை, எத்தனை பேர் வீடு நான்காவது வரிசை என்று சொல்லவும் வேண்டுமா?

இதற்காகத் திட்டமே மோசம் என்று நான் சொல்லவரவில்லை. முதல் வீட்டுக்காரர் ஏற்கெனவே இலவச யூனிட் மூலம் அரசு உதவி பெறுகிறார். பெரிய வீடுகள் தங்கள் கரண்டைத் தாங்களே தயாரித்தால் அந்த அளவுக்கு நிலக்கரி மிச்சம். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. யூனிட்டுக்குப் பத்து ரூபாய் கட்டும் வீடுகள்தான் சலுகை யூனிட்டின் செலவில் ஒரு பங்கைத் தாங்குகின்றன. அவர்கள் ஒவ்வொருவராக விலகினால் அந்தச் சுமை எங்கே போகும்? பகலில் கொட்டும் கரண்டுக்குப் பதிலாக, எல்லா வீட்டிலும் லைட் எரியும் மாலை நேரத்தில் வாரியம் கரண்ட் தந்தாக வேண்டும். இதே காரணம் சொல்லித்தான் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு, லைனுக்கு அனுப்பும் யூனிட்டின் விலையை வெகுவாகக் குறைத்தார்கள். ஜெர்மனியிலோ 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இருபது ஆண்டுக்கு ஒரே விலை என்று உறுதி கொடுத்தது. அந்த உறுதியை நம்பித்தான் அங்கே லட்சக்கணக்கான கூரைகள் நிறைந்தன. சலுகையின் அளவைவிட, அது எத்தனை நாள் நிற்கும் என்பதே முக்கியம் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஏழாண்டில் காசு வரும் என்று கணக்குப் போடுகிறவர், ஏழாண்டும் விதி மாறாது என்று நம்பித்தான் போடுகிறார். நாலாண்டுக் கணக்கில் அந்த ஆபத்து குறைவு.

நம் கையில் இருப்பது

நண்பர்களே! டிப்ளமோ முடித்து வெளியே போகும் நம்மில் பலருக்கு முதல் வேலை இந்தத் துறையில்தான் கிடைக்கப்போகிறது. மாடியேறி அளவெடுப்பவர்கள், கொட்டேஷன் எழுதுபவர்கள், கமிஷனுக்காக "இன்னும் ஒரு கிலோவாட் சேர்த்துப் போடுங்க சார்" என்று சொல்லச் சொல்லப்படுபவர்கள் நாம்தான். அந்த நேரத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர், ஓய்வூதியப் பணத்தையோ சீட்டுப் பணத்தையோ எடுத்து வைத்திருக்கும் ஒரு பெரியவராக இருப்பார். அவருக்கு ஓம்ஸ் லா தெரியாது, நமக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தை அவர் காசைப் பிடுங்கவும் பயன்படுத்தலாம், அவர் காசைக் காக்கவும் பயன்படுத்தலாம்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். மாடியிலே போடுவதற்கும் அதுதான் விதி. ஒரு வருஷத்து ஆறு பில்லை வாங்குங்கள், படிக்கட்டில் எந்தப் படி என்று பாருங்கள், கைக்காசை மிச்சத்தால் வகுங்கள். ஐந்துக்குக் கீழே வந்தால் தைரியமாகப் போடச் சொல்லுங்கள். பத்தைத் தாண்டினால், "ஐயா, இப்போதைக்கு ஒரு நல்ல பி.எல்.டி.சி. ஃபேன் வாங்குங்க, அது போதும்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் அன்றைக்கு ஒரு ஆர்டர் போகலாம். ஆனால் அந்தத் தெருவில் அடுத்து யார் சோலார் போட நினைத்தாலும், முதலில் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.